தெருவுக்கு நாலு தோல் டாக்டர்

சேலத்திலும் நாமக்கல்லிலும் தோல் மருத்துவர்கள் போதவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். முதலாமவர் மருந்துக்கடைக்காரர். அரிப்பு எங்கே என்று கேட்பார், எப்படி இருக்கிறது என்று பார்க்க மாட்டார். பார்க்காமலே மருந்து கொடுக்கும் ஞானதிருஷ்டி வாய்த்தவர். இரண்டாமவர் பியூட்டி பார்லர் அக்கா. மருந்தின் பெயர் தெரியாது, டியூபின் நிறம் தெரியும். மூன்றாமவர் லாரி கிளீனர். சங்ககிரியில் வண்டி கிளம்பி நாக்பூர் போய்ச் சேர்வதற்குள் டிரைவரின் தொடை இடுக்குக்கு முழுச் சிகிச்சைத் திட்டமும் வகுத்துவிடுவார். நான்காமவர் பக்கத்து வீட்டு அத்தை. போன வருஷம் மாமாவின் கால் வெடிப்புக்கு வாங்கிய டியூபில் மிச்சம் இருப்பதை இந்த வருஷம் பேத்தியின் கன்னத்துக்குத் தாராளமாக எடுத்துக் கொடுப்பவர். நால்வரும் பீஸ் வாங்குவதில்லை. நால்வரும் தருவது ஒரே மருந்து: ஸ்டீராய்டு.

எந்த ஸ்டீராய்டு, என்ன வீரியம், எத்தனை நாள், உடம்பில் எந்த இடத்துக்கு என்றெல்லாம் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. "தடவுங்க, போயிருமுங்க." போயும் விடும், மூன்று நாளைக்கு. நாலாம் நாள் திரும்பி வரும். வந்தால் இன்னொரு டியூப். கடைக்காரர் கணக்கில் இது வாடிக்கையாளரின் விசுவாசம்.

திட்டுவதற்கு முன், மருந்துக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். குற்றம் அதன்மேல் இல்லை. கார்ட்டிசோனைக் கண்டறிந்து பயன்படுத்திக் காட்டியதற்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1952-இல் சுல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாகத் தோலில் தடவினால் அழற்சி அடங்குகிறது என்று எழுதினார்கள். அதுவரை தோல் மருத்துவர் கையில் இருந்தவை தாரும், கந்தகமும், வேட்டியெல்லாம் கறையாக்கும் ஊதாச் சாயமும்தான். ராத்திரி முழுக்கச் சொறிந்து ரத்தம் வந்த குழந்தை தூங்கியது அந்தக் களிம்புக்குப் பிறகுதான். தோல் மருத்துவத்தை அதற்கு முன், அதற்குப் பின் என்று இரண்டாகப் பிரித்த மருந்து அது. அதைத்தான் நாம் முகப்பவுடராகவும் சேத்துப்புண் மருந்தாகவும் ஷேவிங் முடித்துத் தடவும் கிரீமாகவும் பதவி இறக்கி வைத்திருக்கிறோம்.

அது செய்யும் வேலை என்ன? உடம்பின் எதிர்ப்புப் படையைத் தடவிய இடத்தில் அடக்கி வைக்கிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, வீக்கம் வற்றுகிறது, சிவப்பு மறைகிறது, அரிப்பு நிற்கிறது. படையே தறிகெட்டுச் சொந்தத் தோலைத் தாக்கும் நோய்களில் இது வரப்பிரசாதம்: கரப்பான், சொரியாசிஸ், ஒவ்வாமையால் வரும் தடிப்பு. ஆனால் அந்தப் படை ஒரு கிருமியோடு போராடிக்கொண்டிருக்கும்போது அதன் கையைக் கட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. நாமக்கல் லாரிப் பட்டறைப் பக்கம் போனால் போதும்.

இந்தச் சமவெளியின் தொழில்கள் எல்லாமே வேர்வையில் ஊறியவை. எஞ்சின் சூடு ஏறும் கேபினில் பத்துப் பதினைந்து நாள் உட்கார்ந்தே போகும் டிரைவர். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு கிளம்பி ராஜஸ்தான் வரை போர் போடுபவர். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி முன்னால் ராப்பகலாக நிற்பவர். ஜவ்வரிசி ஆலையின் ஈரத்திலேயே வாழ்பவர். இவர்களுக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை வருவதில் அதிசயம் இல்லை. குளிக்கத் தண்ணீரும் மாற்றிக்கொள்ள உலர்ந்த துணியும் பூஞ்சைக்கான சரியான மருந்தும் கிடைத்தால் குணமாகக்கூடிய நோய்தான். மருந்துக்கடையில் கிடைப்பதோ வேறு.

அந்த டியூபைப் புரட்டிப் படியுங்கள். படிக்க முடிந்தால். எழுத்து எறும்புத் தலை அளவு, மொழி ஆங்கிலம். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, இன்னொரு கிருமிக்கு இன்னொன்று, இவற்றோடு குளோபெட்டசால் என்ற, இருப்பதிலேயே அதிக வீரியமுள்ள வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு. கொள்கையே இல்லாமல் தேர்தலுக்காகச் சேர்ந்த கூட்டணி இது. நாலு கட்சி ஒரே மேடையில் கைகோத்து நிற்கும். ஒருவர் கட்டியதை இன்னொருவர் இடிப்பார். ஆட்சி மட்டும் ஸ்டீராய்டுடையது. பூஞ்சை மருந்து பூஞ்சையைக் கொல்லப் பார்க்கும்போது, ஸ்டீராய்டு பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறது. அரிப்பு மட்டும் உடனே நின்றுவிடுவதால் வாக்காளருக்கு நல்லாட்சி நடப்பதாகத் தோன்றுகிறது. சிவந்த ஓரம் மங்கி, வட்டம் கலைந்து, படர்தாமரை தன் முகமே தெரியாமல் பரவுகிறது. அடையாளம் தெரியாமல் போன இந்தப் படர்தாமரையை 1968-லேயே ஐவ், மார்க்ஸ் என்ற இருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் விவரித்து எச்சரித்துவிட்டார்கள். அவர்கள் கண்டது அங்கங்கே சில நோயாளிகளை. நாம் ஒரு தலைமுறையையே வளர்த்துக் காட்டிவிட்டோம்.

இடமும் முக்கியம் என்பதை 1967-இல் கலிபோர்னியாவில் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் அளந்தே சொன்னார்கள். முன்கையின் தோல் ஹைட்ரோகார்ட்டிசோனை ஒரு பங்கு உறிஞ்சுகிறது என்றால், நெற்றி 6 பங்கு, தாடை 13 பங்கு, விதைப்பையின் தோல் 42 பங்கு. உள்ளங்காலோ ஏழில் ஒரு பங்குதான். உள்ளங்காலுக்கும் உள்ளங்கைக்கும் உரிய வீரியத்தை, உடம்பிலேயே அதிகம் உறிஞ்சும் இடத்தில், வேர்வையிலும் இறுக்கமான ஜீன்ஸுக்குள்ளும் பொதிந்து வைத்து, மாதக்கணக்கில் தடவச் சொல்கிறார் நம் தெருமுனை நிபுணர். பிறகு தொடையின் உட்புறத்தில் சிவந்த வரிகள் விழுகின்றன, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவதைப்போல. தோல் மெலிந்து கிழிந்த அடையாளம் அது. நிறம் மங்கும், வரி போகாது. எத்தனையோ இருபது வயதுப் பையன்கள் வெட்கப்பட்டு யாரிடமும் காட்டாமல் அந்த வரிகளின் மேலேயே மேலும் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

இதே நாமக்கல்லில் கோழிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பண்ணையில் நாலு கோழி தலை சாய்ந்தால் பண்ணைக்காரர் செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு பரிசோதனைக்கு ஓடுகிறார். ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும், எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். முட்டை கப்பல் ஏற வேண்டுமானால் அதில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று ஆய்வகச் சான்று வேண்டும். அதே பண்ணைக்காரருக்குத் தொடையில் அரித்தால், பஸ் ஸ்டாண்டு எதிரில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே, "அண்ணா, போன தடவை குடுத்தீங்களே அந்த டியூபு." கோழியின் உயிருக்கு விலை இருக்கிறது, கணக்கு இருக்கிறது. மனிதத் தோலுக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் ஒதுக்கவில்லை.

அரசு தூங்கியது என்று சொல்ல முடியாது. எழுந்தது, கொட்டாவி விட்டது, புரண்டு படுத்தது. 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளை ஒரே நாளில் தடை செய்தது. நம் நாலு கட்சி டியூபும் அதில் ஒன்று: குளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசால், டெர்பினஃபின். கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் படையெடுத்தன. அந்த டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. மருந்து கெட்டதா நல்லதா என்பதைவிட, தடை போட்ட முறை சரியா என்பதுதான் அங்கே வழக்கு. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விவகாரத்தை நிபுணர் வாரியத்திடம் அனுப்பியது. 2018 செப்டம்பரில் 328 கூட்டுகளுக்கு மறுபடியும் தடை. பிரபலமான பான்டெர்ம் பிளஸ் கிரீமும் பட்டியலில் இருந்தது. தடைக்கும் ரத்துக்கும் மறுதடைக்கும் இடையில் போனவை இரண்டரை ஆண்டுகள். அந்த இரண்டரை ஆண்டில் பூஞ்சை எந்த நீதிமன்றத்திடமும் வாய்தா கேட்கவில்லை. இன்றைக்கும் அலமாரியைப் பாருங்கள். வேறு வேறு சேர்மானங்களில் அந்தக் கூட்டணியின் தம்பிகள் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

அதே 2018-இன் மார்ச்சில் இன்னொரு காமெடி. 14 ஸ்டீராய்டு பூச்சுகளை 'அட்டவணை எச்'-இல் சேர்த்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. அதுவரை? 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் அடிக்குறிப்பு ஒன்று வெளிப்பூச்சுகளுக்கு விலக்கு அளித்துக்கொண்டிருந்தது. அதாவது, அதே பொருளை விழுங்கினால் அது ஸ்டீராய்டு, தடவினால் சந்தனம். அந்த ஓட்டையைப் பல ஆண்டுகள் சுட்டிக்காட்டிக் கத்தியவர்கள் இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கத்தினர். இதற்கென்றே தனிப் பணிக்குழு அமைத்துப் போராடினார்கள். சட்டம் வந்தது. வந்து? நீங்களே சேலம் ஐந்து ரோட்டிலோ ராசிபுரம் கடைவீதியிலோ ஏதாவது ஒரு கடையில் சீட்டு இல்லாமல் கேட்டுப் பாருங்கள். மருந்தாளுநரின் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். மருந்தாளுநர் எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். சான்றிதழ் வேலைக்கு வந்திருக்கிறதே, போதாதா?

இப்படியாக வளர்த்த பிள்ளை வெளிநாடும் போய்விட்டது. டெர்பினஃபினுக்கே அடங்காத ஒரு பூஞ்சை இங்கே பெருகியது. 2020-இல் விஞ்ஞானிகள் அதற்கு டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று நாட்டின் பெயரையும் சேர்த்தே பெயர் சூட்டினார்கள். 2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இந்தப் பூஞ்சை வந்திருப்பதாக அறிவித்தது. பூஞ்சை மருந்துகளையும் ஸ்டீராய்டு கலந்த பூச்சுகளையும் கண்டபடி பயன்படுத்தியது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் அவர்கள். முட்டைக்குக் கேட்ட சான்றை யாரும் இதற்குக் கேட்கவில்லை. ஊரில் முன்பு இரண்டு வாரத்தில் போன படர்தாமரை, இன்று வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் மாதக்கணக்கில் நிற்கிறது. மாத்திரைச் செலவு தினக்கூலிக்காரரின் வாரச் சம்பளத்தைத் தின்கிறது.

தொடையை விட்டு முகத்துக்கு வருவோம். இங்கேதான் என் கோபம் கடைக்காரரைத் தாண்டி வீட்டுக்குள் நுழைகிறது.

1962-இல் மெக்கென்சி, ஸ்டோட்டன் என்ற இருவர் ஸ்டீராய்டின் வீரியத்தை அளக்க ஒரு எளிய சோதனையைக் கொண்டுவந்தார்கள். தோலில் தடவு, ரத்தக் குழாய் சுருங்கும், தோல் வெளுக்கும், எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு வீரியம். மருந்தைத் தரம் பிரிப்பதற்கான ஆய்வகச் சோதனை இது. நம் ஊர் அந்தச் சோதனையையே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. வெளுக்கிறதா? ஆஹா, அப்படியானால் கல்யாணத்துக்கு ஆகும்! "பொண்ணு படிச்சிருக்கு, வேலை பாக்குது, கலர்தான் கொஞ்சம் கம்மி" என்று இழுக்கிற தரகர், "மாநிறம்" என்று விளம்பரத்தில் எழுதவே கூச்சப்படும் அப்பன், கறுத்த நிலத்தில் உழுது கறுத்த கம்பு தின்று வளர்ந்த பரம்பரையில் வந்துவிட்டு மருமகள் மட்டும் சிவப்பாக வேண்டும் என்று கேட்கிற மாமியார் — இவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்த டியூபைப் பிதுக்குகிறார்கள். பெண்ணின் விரல் வெறும் கருவி.

முதல் மாதம் முகம் பளிச்சென்று இருக்கும். பார்லர் அக்காவுக்குப் பேர் கிடைக்கும். மூன்றாவது மாதம் வெயிலில் இறங்கினால் எரியும். சேலத்துச் சித்திரை வெயில் தெரிந்தவர்களுக்கு அந்த எரிச்சல் என்ன என்று விளக்க வேண்டாம். பிறகு பருக்கள் கொத்தாக வரும். கன்னத்தில் முடி வளரும். சிவந்த மெல்லிய ரத்த நாளங்கள் கோலம்போல் தெரியும். பயந்து நிறுத்தினால் முகம் வீங்கிச் சிவந்து கொதிக்கும். மறுபடி தடவினால் அடங்கும். ஆக, நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது. மதுக்கடைக்காவது மூடும் நேரம் என்று ஒன்று உண்டு.

கற்பனை என்று நினைக்காதீர்கள். நாடு முழுவதும் 12 தோல் மருத்துவ மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், முகத்தில் பிரச்சினை என்று வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 257 பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்ல. 126 பேர் அதை நிறம் கூட்டவோ பொதுவான முகக் கிரீமாகவோ ஷேவிங்குக்குப் பிறகோ பயன்படுத்தியவர்கள். மருத்துவர் சீட்டோடு வாங்கிய 176 பேரிலும் 78 பேருக்கு எழுதிக் கொடுத்தவர் தோல் மருத்துவர் அல்லர். ஆகவே வெள்ளைக் கோட்டுக்காரர்களும் கை கழுவிவிட்டு நகர முடியாது. ஒரு நிமிஷத்தில் மூன்று நோயாளி பார்க்கும் அவசரத்தில் எல்லா அரிப்புக்கும் ஒரே பெயரைக் கிறுக்கிய சீட்டு, ஐந்து வருஷத்துக்குப் பர்ஸில் மடித்து வைக்கப்பட்டு, லேமினேஷன் செய்யாத குறையாகக் கடைக்கடையாய்ப் பயணம் போகிறது.

மங்குக்கு எழுதும் மும்மருந்துக் கிரீமின் கதையும் இதுவே. கிளிக்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1975-இல் சொன்ன சூத்திரத்தின் வாரிசு அது: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூட ஒரு ஸ்டீராய்டு. மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு என்று உண்டான மருந்து, இங்கே பலரது குளியலறையில் சோப்புக்குப் பக்கத்தில் நிரந்தர உறுப்பினர். அதில் ஸ்டீராய்டாக இருக்கும் மொமெட்டசோன் என்ன என்று கேட்டால், "அது ஏதோ கிரீமுங்க."

இவ்வளவையும் கேட்டுவிட்டு "ஸ்டீராய்டே விஷம்" என்று கிளம்பும் கூட்டம் ஒன்று உண்டு. இவர்களும் நம் நிபுணர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். செல்போன் வீடியோவில் மூலிகை விற்கிறவர் சொன்னார் என்று, கரப்பானில் வெந்து கிடக்கும் கைக்குழந்தைக்கு மருத்துவர் கொடுத்த மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோனைத் தூக்கி எறிகிறார்கள். குழந்தை தூங்காமல் அழுகிறது, சொறிந்த இடம் சீழ் பிடிக்கிறது. பிறகு லேபிள் இல்லாத டப்பாவில் 'பக்கவிளைவு இல்லாத' பச்சிலைக் களிம்பு வருகிறது. இரண்டே நாளில் தோல் பளிங்காகிறது. பச்சிலைக்கு அவ்வளவு வேகம் ஏது என்று யாரும் யோசிப்பதில்லை. மூலிகை என்று விற்கும் களிம்புகளில் சொல்லாமல் கலந்த வீரிய ஸ்டீராய்டைப் பல நாடுகளின் ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. விஷம் என்று வாசல் வழியே விரட்டியதை, பெயர் மாற்றிக் கொல்லைப்புறமாக அழைத்து வந்திருக்கிறார்கள்.

மருந்து உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் இந்த மண்ணில் ஏராளம். வரப்பெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியச் செடியின் தூசு பட்டு முகமும் கழுத்தும் தடித்து உரியும் விவசாயி. சிமெண்டில் கை வெந்த கட்டட வேலைக்காரம்மா. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் அமிலத்தோடு புழங்கி விரல் வெடித்த தொழிலாளி. இவர்களுக்கு ஸ்டீராய்டு களிம்பு தெய்வம். ஆனால் பாதிப் பேருக்குக் குழந்தைக் கண்ணுக்கு மை வைப்பதுபோல் ஒரு பொட்டு தடவிவிட்டு "கேக்கலீங்க" என்பதும், மீதிப் பேருக்கு வாரத்துக்கு ஒரு டியூபைக் காலி செய்வதும்தான் தெரியும். காரணம், எவ்வளவு தடவ வேண்டும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. சொல்ல ஆகும் நேரம் அரை நிமிஷம்.

நானே சொல்லித் தொலைக்கிறேன். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்குங்கள். அது ஏறத்தாழ அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும். 1991-இல் லாங், ஃபின்லே என்ற பிரிட்டிஷ் மருத்துவர்கள் சொன்ன கணக்கு இது. தராசு வேண்டாம், விரல் போதும். ஒரு கையின் மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கோடு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை மூன்று. பாதத்துக்கு இரண்டு, காலுக்கு ஆறு. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டரை, அதுவும் மருத்துவர் முகத்துக்கென்று எழுதிய மென்மையான வகை மட்டும். கைக்குழந்தைக்கு அளவு இதைவிட வெகு குறைவு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் முகத்துக்கும் கழுத்துக்கும் பெரியவர் விரலால் ஒரே கோடு.

தடவுவது நாளுக்கு ஒரு வேளை, அதிகம் போனால் இரண்டு. நாலு வேளை தடவினால் நோய் சீக்கிரம் போகாது, டியூப்தான் சீக்கிரம் போகும். நோய் உள்ள இடத்தில் மட்டும் தடவுங்கள். மேலே பிளாஸ்டிக் சுற்றாதீர்கள். குழந்தைக்கு டயப்பர் கட்டினால் அதுவும் பிளாஸ்டிக் சுற்றியதற்குச் சமம்தான். கண்ணுக்கு அருகே மாதக்கணக்கில் போனால் கண் அழுத்தம் ஏறும். வறண்ட தோலுக்குத் தினமும் வேண்டியது ஈரப்பதம். அந்த வேலைக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ இருக்கிறது, ஸ்டீராய்டு அதற்கு ஆள் அல்ல. குளோபெட்டசால் என்று டியூபில் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. நாளொன்றுக்கு 2 கிராம் போனாலே, அதாவது நாலு விரல் கோடு, உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு மட்டுப்பட்டுப் போகலாம். தோலுக்குத் தடவியது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூங்க வைக்கிறது. ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வீரியமுள்ள இந்தப் பொருள், ஒரு மசால் தோசை விலைக்குச் சீட்டில்லாமல் கிடைக்கிறது. மசால் தோசை போடுகிறவருக்காவது உணவுப் பாதுகாப்புத் துறைக்காரர் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார் என்ற பயம் உண்டு.

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை. ஆய்வுக்குப் போகும்போது முன்கூட்டித் தகவல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் தேட வேண்டாம். ஸ்டீராய்டு டியூப் எத்தனை வந்தது, எத்தனை சீட்டுக்கு விற்றது என்ற இரண்டு கணக்கை மட்டும் கேளுங்கள். இரண்டும் பொருந்தும் கடை கிடைத்தால் அந்தக் கடைக்காரருக்கு மாலை போடுங்கள், நானும் வருகிறேன். கம்பெனிகளுக்குக் கோரிக்கை கிடையாது. தமிழ்நாட்டில் விற்கும் டியூபின் மேல் "இது ஸ்டீராய்டு, முகத்துக்குத் தடவாதே, படர்தாமரைக்குத் தடவாதே" என்று தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சடிக்க வேண்டும் என்று சட்டம்தான் சொல்ல வேண்டும். சிகரெட் பெட்டிக்குப் பாதிக்கு மேல் படம் போடத் தெரிந்த நாட்டுக்கு இது பெரிய வித்தை அல்ல.

உங்களுக்கு ஒரு வார்த்தை. முகத்திலோ தொடையிலோ மாதக்கணக்காகத் தடவிக்கொண்டிருப்பவர் என்றால், இதைப் படித்த ஆத்திரத்தில் டியூபை இன்றே குப்பையில் வீசிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்ளாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் கொதிக்கும், பயந்து மறுபடி தொடங்குவீர்கள். எப்படிக் குறைப்பது, இடையில் என்ன தடவுவது என்பதைத் தோல் மருத்துவர் சொல்ல வேண்டும். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புறநோயாளி சீட்டுக்குக் காசு கிடையாது. போகும்போது இதுவரை தடவிய டியூப்கள் அத்தனையையும், லேபிள் இல்லாத டப்பாவையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.